நான்கு மூட்டை உப்பு

கேலன் ஃபோஸி எந்த வேலையையும் அரைகுறையாக விட்டதில்லை. முப்பத்தோரு வருஷம் எங்கள் ஊர்ச் சரளைச் சாலைகளை கிரேடர் வண்டியால் சீவிச் சமன் செய்தவர். அவர் சீவிவிட்டுப் போன சாலையில் ஒரு கையில் காபிக் கோப்பையோடு கார் ஓட்டலாம், ஒரு சொட்டுச் சிந்தாது. ஆனால் அதை அவர் முகத்துக்கு நேராக யாரும் சொன்னதில்லை. பாராட்டுவது எங்கள் பக்கத்தில் வழக்கமில்லை.

கேட்பதும் வழக்கமில்லை. ஏதாவது வேண்டுமென்றால் வேண்டாததுபோல் ஒரு தடவை சொல்வோம், அதோடு சரி. மற்றவர்தான் புரிந்துகொள்ள வேண்டும். இந்த வீண் ரோஷத்தால் விஸ்கான்சினின் இந்த மூலையில் எத்தனை பேர் ஆசைப்பட்டது கிடைக்காமலே செத்தார்களோ, யாருக்குத் தெரியும். ஒருத்தியின் கதை மட்டும் எங்களுக்குத் தெரியும்.

அவள் கேலனின் மனைவி ஆர்டிஸ். மார்ச் மாதம் டாக்டர், இனி மருந்தால் பயனில்லை, வீட்டிலேயே நிம்மதியாக இருக்கட்டும் என்று சொல்லிவிட்டார். திரும்பி வரும்போது அவள் கார் ஜன்னல் வழியே பனியைப் பார்த்துக்கொண்டே பேசினாள்.

“மே மாசம் ஓடைக்கரையில மஞ்சப்பூ பூக்குமில்ல. இந்த வருஷமும் பாத்தா நல்லாருக்கும். உனக்கு நேரம் கெடைச்சா பாரு. அவசரமில்ல.”

சரி என்றார் கேலன்.

ஓடை வீட்டுக்குப் பின்னால், செங்குத்தான சரிவுக்குக் கீழே. அடியில் எல்லாம் சேறு, கார் போகாது. கல்யாணமான வருஷம் வாங்கிய சின்னத் தோட்ட டிராக்டர்தான் போகும். அதன் பின்னால் கோத்த இழுவை வண்டியில் மெத்தை போட்டு அவளை உட்கார வைத்துக் கொண்டுபோகலாம். ஆனால் போன இலையுதிர் காலத்தில் ஈர விறகை ஏற்றிக்கொண்டு அதே சரிவில் ஏறும்போது பின் ஆக்சிலில் சக்கரத்தைப் பிடித்திருந்த இரும்பு ஆப்பு முறிந்து, டிராக்டர் பின்னோக்கி உருண்டது. கேலன் குதித்துத் தப்பினார். அந்த வண்டியில் ஆர்டிஸா?

அதனால் ஓடாத டிராக்டர்களைக் களைச்செடிக்கு நடுவே குவித்து வைத்திருக்கும் பக்கத்துப் பண்ணை மைலோவிடம் போனார். பெரிய ரக டிராக்டர் ஒன்றிலிருந்து கியர் பாக்ஸைக் கழற்றி வந்தார். தடித்த ஆக்சில், ஆமை வேகத்தில் ஏறும் தனிக் கியர். பழையதை எடுத்துவிட்டு இதைப் பொருத்துவது சுலபமில்லை. போல்ட் துளைகள் ஒத்துவரவில்லை, புதிதாகத் துளைத்தார். சக்கரத்தின் நடுத்துளை ஆக்சிலுக்குப் பற்றவில்லை, கடைந்து பெரிதாக்கினார். பேரிங் எல்லாவற்றையும் மாற்றினார். ஏப்ரல் முழுக்கக் கொட்டகையிலேயே கழிந்தது.

உண்மையைச் சொன்னால், கொட்டகையில்தான் அவரால் மூச்சுவிட முடிந்தது. முன்னறையில் கட்டில் போட்டு ஆர்டிஸைப் படுக்க வைத்திருந்தார்கள். அவளைக் குளிப்பாட்டுவது, திருப்பிப் போடுவது எல்லாம் நர்ஸும் சர்ச்சுப் பெண்களும் பார்த்துக்கொண்டார்கள். வாசலில் நின்றால் கையை எங்கே வைப்பதென்றே கேலனுக்குத் தெரியவில்லை. கையில் ஸ்பானர் இருந்தால் தெரிந்தது.

மே ஆறாம் தேதி சோதனை ஓட்டம். ஆர்டிஸ் எப்போதும் வாட்டசாட்டமானவள். அவள் எடைக்கு, இருபது இருபது கிலோவாக நான்கு உப்பு மூட்டைகளை வண்டியில் ஏற்றினார்.

“நாலு மூட்டைன்னது அவ காதுல விழுந்துச்சுன்னா, இன்னிக்கு ராத்திரி உனக்குச் சாப்பாடு கெடையாது,” என்றார் மைலோ.

டிராக்டர் முக்காமல் முனகாமல் ஏறியது. மேலே வந்ததும் கேலன் குனிந்து பார்த்தார். ஆக்சில் ஓரத்தில் ஒரு சொட்டு எண்ணெய். உடனே சக்கரத்தைக் கழற்ற ஆரம்பித்தார். மைலோவுக்குக் கோபம் வந்துவிட்டது.

“ஒரு சொட்டுக்காய்யா பிரிக்கற? கீழ பூவெல்லாம் பூத்துக் கெடக்கு. இன்னிக்கே கூட்டிட்டுப் போய்யா.”

“பாதிச் சரிவுல விட்டுருச்சுன்னா?”

எண்ணெய் கசியாமல் தடுக்கும் புதிய ஆயில் சீல் தபாலில் வர எட்டு நாள் ஆகும். கேலன் உள்ளே போய் இன்னும் ஒரு வாரம் ஆகும் என்றார். அவசரமில்லை என்றாள் ஆர்டிஸ். அவளோடு நாற்பத்தெட்டு வருஷம் குடும்பம் நடத்திய மனிதர் அந்த வார்த்தையை அப்படியே நம்பினார். இதை நினைத்தால் இன்றும் எங்களுக்கு ஆத்திரம் வருகிறது.

சீல் வந்தது. பொருத்தினார். நான்கு மூட்டையோடு மூன்று முறை இறங்கி ஏறினார். ஒரு சொட்டுக்கூட ஒழுகவில்லை. பல நாளுக்குப் பிறகு சந்தோஷமாகக் கையைக் கழுவிக்கொண்டு முன்னறைக்குப் போனார்.

அன்று நர்ஸ் தனியாக இருந்தாள். விரிப்பை மாற்ற வேண்டும், ஒரு நிமிஷம் ஆர்டிஸைத் தூக்கிக்கொள்ள முடியுமா என்று கேட்டாள். கேலன் பாரம் தூக்குகிறவர்களைப்போல முழங்காலை மடக்கி, மூச்சைப் பிடித்துக்கொண்டு தூக்கினார். தூக்கிய வேகத்தில் பின்னால் தடுமாறினார். கையில் கனமே இல்லை. வாழ்நாளெல்லாம் பாரம் தூக்கிய கைகள் அவரைக் கேட்காமலே எடைபோட்டுச் சொல்லிவிட்டன. இரண்டு மூட்டைகூடத் தேறாது.

பழைய ஆக்சிலே இவளைச் சுமந்திருக்கும். டிராக்டரே வேண்டியிருக்காது. இந்தக் கையிலேயே ஏந்திக்கொண்டு இறங்கி ஏறியிருக்கலாம். ஏப்ரலில், மே ஆறாம் தேதியில், எந்த நாளிலும்.

“வண்டி ஆச்சா?” என்று கேட்டாள் ஆர்டிஸ். குரல் அவர் சட்டைக்குள்ளிருந்து வருவதுபோல இருந்தது.

“ஆச்சு.”

“பூ கொட்டியிருக்குமே.”

கேலன் காலையில்தான் பார்த்திருந்தார். பச்சை இலை மட்டும்தான் மிச்சம். அவருக்குப் பொய் சொல்ல வரவில்லை.

“ஏன் ஆர்டிஸ், இன்னொரு தடவ நீ ஏன் கேக்கல?”

“ஒரு தடவ கேட்டேனே,” என்றாள். குறை சொல்லும் குரலே இல்லை.

நர்ஸ் விரிப்பைத் தட்டிச் சரிசெய்துவிட்டு, படுக்க வைக்கலாம் என்றாள். கேலன் படுக்க வைக்கவில்லை. சமையலறையைக் கடந்து பின்கதவைக் காலால் தள்ளி, சரிவு இறங்கும் இடம் வரை அவளை ஏந்திக்கொண்டு போனார். அதற்குமேல் அவள் உடம்பு தாங்காது என்று பின்னாலேயே ஓடிவந்த நர்ஸ் தடுத்துவிட்டாள். அங்கிருந்து ஓடை தெரியாது, சத்தம் மட்டும் கேட்கும். ஆர்டிஸ் கண்ணை மூடிக்கொண்டு அந்தச் சத்தத்தைக் கேட்டாள். கேலன் அவள் தலைமேல் முகத்தை வைத்து, நர்ஸ் பார்க்கிறாளே என்றுகூட இல்லாமல் அழுதார்.

மூன்றாம் நாள் அவள் போய்விட்டாள்.

டிராக்டர் கொட்டகையில்தான் நிற்கிறது. இழுவை வண்டியில் நான்கு மூட்டை உப்பும் இறக்காமல் அப்படியே இருக்கிறது. மைலோ எப்போதாவது வந்து குனிந்து ஆக்சிலைப் பார்ப்பார். இன்றுவரை ஒரு சொட்டு ஒழுகவில்லை.