முதல் பட்டதாரி வீடு

குடவாசல் பக்கம் குத்தகை நிலத்தில் நெல் போடுகிறவள் அமிர்தம். கணவன் இல்லை. மகன் மணிமாறன் பிளஸ் டூ முடித்ததும், "ஐடிஐ போறேம்மா, மோட்டார் வேலை கத்துக்கறேன்" என்று கெஞ்சினான். அவள் காதில் போட்டுக்கொள்ளவில்லை. ஆம்பளைப் பிள்ளை இன்ஜினியர் ஆகாமல் வேறு யார் ஆவார்களாம்? அவனைவிட மகள் ஜெயபாரதிதான் நன்றாகப் படிப்பாள் என்பது ஊருக்கே தெரியும். பெற்றவளுக்கும் தெரியும். ஆனாலும் தாலுகா ஆபீசுக்கு நாலு நடை நடந்து, கல்லூரிக் கட்டணச் சலுகைக்கான முதல் பட்டதாரிச் சான்றிதழை மகன் பேரில் வாங்கினாள். ஒரு நகலைச் சட்டம் போட்டு, கணவன் படத்துக்குப் பக்கத்தில் மாட்டினாள்.

மூன்றாவது செமஸ்டரோடு அவன் படிப்பை விட்டுவிட்டுத் திருப்பூர் பனியன் கம்பெனிக்குப் போய்விட்டான்.

இந்த வருஷம் ஜெயபாரதிக்கு கவுன்சலிங்கில் நல்ல கல்லூரியே கிடைத்தது. அமிர்தம் மறுபடி அதே ஆபீசில் போய் நின்றாள்.

"வீட்டுக்கு ஒருத்தருக்குத்தாம்மா. உங்க பையனுக்குக் குடுத்தாச்சே" என்றார் கிளார்க்.

"அவன் படிக்கவே இல்லீங்களே சார்."

"அதுக்கு நான் என்னம்மா பண்ண?"

முழுக் கட்டணம் கட்ட அவளால் ஆகவில்லை. ஜெயபாரதி கும்பகோணத்தில் ஒரு ஜவுளிக்கடையில், நாள் முழுக்க நின்றபடி சேலை பிரித்துக் காட்டும் வேலைக்குச் சேர்ந்தாள்.

முதல் நாள் காலை அவள் கிளம்பும்போது, அமிர்தம் ஸ்டூலில் ஏறி அந்தச் சட்டத்தைக் கழற்றப் போனாள்.

"இருக்கட்டும்மா" என்றாள் மகள், செருப்பை மாட்டிக்கொண்டே. "நம்ம வீட்ல பட்டதாரின்னு சொல்லிக்க அது ஒண்ணுதான் இருக்கு."