செங்கல் தூளில் தேய்த்த பீக்கர்கள்

நான் பள்ளிக்கூடப் பக்கமே போகாதவள். ஆனாலும் கொழும்பில் ஒரு கெமிஸ்ட்ரி லேப்பில் இருபது வருடம் வேலை பார்த்தேன் என்றால் நம்புவீர்களா, பிள்ளைகளே? கண்ணாடிச் சாமான் கழுவுவது என் வேலை. அப்போது சண்டைக் காலம். ஜிந்துப்பிட்டியிலிருந்து பஸ்ஸில் போவேன். வழியில் இரண்டு இடத்தில் இறக்கி அடையாள அட்டை பார்ப்பார்கள். அப்படியும் ஒரு நாள் பிந்தியதில்லை. சுத்தத்தில் என்னை அடிக்க ஆளில்லை. அந்தப் பெருமைதான் என்னை மாட்டிவிட்டது.

சிவகௌரி மிஸ் யாழ்ப்பாணத்துப் பிள்ளை. வெள்ளவத்தையில் அறை எடுத்திருந்து சாயத்தில் ஆராய்ச்சி செய்தார். சாயத்தைக் கரைத்து பீக்கரில் ஊற்றி, ஊசியால் குத்திய பேப்பரால் மூடி, அசைக்காமல் வைப்பார். மெல்ல வற்றும்போது கற்கண்டு மாதிரி கிறிஸ்டல் விளையும். தண்ணீரில் சிவப்பாக இருக்கிற சாயம், கிறிஸ்டலானதும் பொன்வண்டு முதுகுபோலப் பச்சையாக மினுங்கும்! அந்த நிறத்தில் என் மகளுக்குப் பாவாடை தேடி நான் ஏறாத கடையில்லை. கிடைக்கவில்லை, அது வேறு கதை.

மிஸ்ஸுக்கு வேண்டியது ஒரேயொரு நல்ல கிறிஸ்டல். அதை எக்ஸ்ரே பிடித்து, உள்ளே அணுக்கள் எப்படி அடுக்கியிருக்கின்றன என்று பார்க்க வேண்டும். அந்த மெஷின் இங்கே இல்லை. லேப்புக்குத் தலைவரான பெரிய சேர் அடுத்த மாதம் வெளிநாடு போகிறார். அவரிடம் கொடுத்தனுப்பாவிட்டால் ஆராய்ச்சி நின்றுவிடும். மூன்று மாதமாக வந்ததெல்லாம் பொடிப்பொடியாக, ஒன்றோடொன்று ஒட்டிய குப்பை.

“குண்டு வெடிக்க மேசை அதிருது போலக்கா. இல்லாட்டி எனக்குத்தான் மூளை காணாது,” என்பார்.

ஒருநாள் கழுவ எடுத்த பீக்கரை ஜன்னல் வெளிச்சத்தில் பிடித்தேன். பொடிகள் சிதறிக் கிடக்கவில்லை. வட்ட வட்டமாகக் கோடு பிடித்து உட்கார்ந்திருந்தன. அது என் கை சுற்றுகிற வட்டம்.

சாயக் கறை போக அசிட்டில் ஊற வைக்க வேண்டும். சண்டையால் அசிட் கிடைப்பது கஷ்டம், வீணாக்காதே என்று சேர் சொல்லியிருந்தார். அதனால் கோயில் குத்துவிளக்குத் தேய்க்கிற மாதிரி, செங்கல் தூளும் தேங்காய்த் தும்பும் போட்டுத் தேய்த்தேன். யாரிடமும் சொல்லவில்லை. எனக்கோ நிரந்தரமாகாத வேலை. சொன்னால் போய்விடும். ஆனாலும் மிஸ்ஸிடம் போனேன்.

“மிஸ், கிறிஸ்டல் கெட்டது என்னாலதான்.”

எல்லாவற்றையும் கேட்டுவிட்டு, பீக்கருக்குள் நகத்தால் தடவினார். “செங்கலோ! ஒவ்வொரு கீறலிலயும் ஒரு கிறிஸ்டல் தொடங்குமக்கா. நான் மூண்டு மாசமா என்னையே ஏசிக்கொண்டு இருந்தனான்.”

“சேர்ட்ட சொல்லிருவீங்களா?”

“சொல்லாமல்? புது பீக்கர் வேற எப்பிடிக் கேக்கிறது?”

சேர் பீக்கரையும் என்னையும் மாறி மாறிப் பார்த்தார். “ஸ்டோர்ஸில ஆறு புதுசு இருக்கு, எடுங்கோ. அக்கான்ர கையில மட்டும் குடுத்திடாதீங்கோ.”

மிஸ் ஆறையும் என் கையில்தான் கொடுத்தார். சோப்புத் தண்ணீரும் பஞ்சும் மட்டும். குழந்தையைக் குளிப்பாட்டுகிற மாதிரிக் கழுவினேன்.

புது பீக்கரிலும் கிறிஸ்டல் லேசில் விளையாது; ஐந்தில் பழையபடி பொடிதான். ஆறாவதில், பன்னிரண்டாம் நாள், கடுகில் பாதி அளவில் ஒன்றே ஒன்று தனியாக இருந்தது.

“அக்கா, முதல் நீங்க பாருங்கோ,” என்று மைக்ரோஸ்கோப் முன்னால் என்னை உட்கார்த்தினார். அம்மாடி, பக்கமெல்லாம் வெட்டி வைத்த மாதிரி! சேர் அதைப் பஞ்சில் பொதிந்து கொண்டுபோனார்.

பிள்ளைகளே, சுத்தமாகச் செய்தால் போதுமென்று நான் நினைத்தேன். எதற்காகக் கழுவுகிறேன் என்று கேட்கவேயில்லை. அதற்குப் பிறகு யார் சாமான் கொண்டுவந்து வைத்தாலும், “இதுல என்ன செய்யப் போறீங்க?” என்று கேட்பேன். சிலருக்கு எரிச்சல் வரும். வரட்டுமே. சொல்லும்வரை நான் தண்ணீர்க் குழாயைத் திறக்க மாட்டேன்.