நாத்தனாரும் இரண்டு தோட்டாக்களும்

“…அதுக்குத்தான் சொல்றேன் அண்ணி, சின்னத் தோட்டாவ எடுத்துட்டுப் போனா நர்ஸம்மா ஊசி போட வந்திருக்கான்னு சிரிப்பாங்க” என்று போனுக்குள்ளிருந்து என் நாத்தனார் சொன்னாள். சிரித்துக்கொண்டுதான் சொன்னாள். ஆனால் வலது தோளை இடது கையால் பிடித்துக்கொண்டே சொன்னாள்.

அல்சூரில் எங்கள் வீட்டில் மதியச் சாப்பாடு முடிந்து தட்டுகூட எடுக்கவில்லை. தண்ணீர்ச் சொம்பில் போனைச் சாய்த்து வைத்து நானும் என் வீட்டுக்காரரும் எதிரே உட்கார்ந்திருந்தோம். ஸ்வீடனில் அவளுக்கு அது காலை. பைன் மரங்களுக்கு நடுவே சுடும் திடல். இன்னும் சற்று நேரத்தில் மூஸ் உருவம் வரைந்த பலகையில் அவள் சுட்டுக்காட்ட வேண்டும். மூஸ் என்றால் குதிரையைவிட உயரமான ஒரு மான். தேறினால் அந்த ஊர் வேட்டைக் குழுவில் இந்த வருஷம் ஓர் இடம். தவறினால் இல்லை.

அவளுக்கு வேட்டையாடும் வெறியெல்லாம் கிடையாது. அங்கே போய் இத்தனை காலம் ஆஸ்பத்திரி வேலை பார்த்தும் யார் வீட்டு வாசலும் அவளுக்குத் திறக்கவில்லை. “நல்லவங்கதான் அண்ணி, ஆனா சிரிச்சுட்டுக் கதவ சாத்திக்குவாங்க” என்பாள். முதல்முறையாக ஒருவர் ‘வா’ என்றிருக்கிறார். குழுவின் தலைவர். கூப்பிட்டதோடு தன் பெரிய துப்பாக்கியையும் கொடுத்திருந்தார்.

அவள் முன்னால் மேசையில் இரண்டு தோட்டாக்கள் நின்றன. ஒன்று தடியானது, ஒன்பது மில்லிமீட்டரும் கொஞ்சமும். அது தலைவருடைய துப்பாக்கிக்கு. மற்றது ஆறரை மில்லிமீட்டர், பக்கத்து வீட்டு டீச்சருடைய துப்பாக்கிக்கு. அவள் சுடக் கற்றதே அதில்தான்.

“பெருசே போடு” என்றார் என் வீட்டுக்காரர். பட்டாளத்தில் இருந்து ஓய்வு பெற்றவர், கறிகாய் வாங்கப் போவதைக்கூட ‘மார்ச்’ என்பார். “முழுசா செம்பு மூடின குண்டா பாத்துப் போடு. செவுத்துக்கு அந்தாண்ட போவும்.”

“ணா, அது உங்க பட்டாளத்துக் குண்டு. இந்தப் பக்கம் பூந்து அந்தப் பக்கம் போயிடும். மூஸு காயத்தோட காட்டுக்குள்ள ஓடி எங்கயோ கிடந்து சாவும். பட்டதும் நுனி விரியற குண்டுதான் இங்க சட்டம்.”

“ஓஹோ, எனக்கே கிளாஸா?”

“சின்னதுலயும் அந்த மாதிரி கனமான குண்டு இருக்குணா. கிட்டத்துல, பக்கவாட்டுல நிக்கறப்ப நுரையீரல்ல வெச்சா அதுவே போதும். டீச்சர் அதுலதான் அடிக்கறாங்க.”

“அப்ப அதையே எடுத்துக்கயேண்டி” என்றேன்.

“குடுத்தவரு மூஞ்சில அடிச்ச மாதிரி ஆயிடும் அண்ணி. அப்புறம் யாரு கூப்பிடுவா?”

வீட்டுக்காரர் திடீரென்று, “தோள காட்டு” என்றார்.

“சும்னே இருங்கணா.”

“காட்டு.”

சட்டைக் கழுத்தை இழுத்தாள். பெரிய துப்பாக்கி உதைத்த இடம் நாவல்பழ நிறத்தில் உள்ளங்கை அகலத்துக்குக் கன்றியிருந்தது. அதன்பிறகு அவர் கேலி பேசவில்லை. அங்கே கூட வந்திருந்த டீச்சரைக் கூப்பிடச் சொன்னார். அவள் பார்க்காதபடி பெரிய துப்பாக்கியில் தோட்டா போட்டோ போடாமலோ கொடுக்கச் சொல்லி, தனக்குத் தெரிந்த இங்கிலீஷில் விளக்கினார். “லோட், நோ லோட், யுவர் விஷ். டோண்ட் டெல் ஹெர்.” டீச்சருக்குப் புரிந்துவிட்டது. துப்பாக்கியைக் கொடுத்துவிட்டுப் போனைக் கையில் எடுத்துப் பக்கத்திலிருந்து பிடித்துக் காட்டினார்.

நாத்தனார் குறி பார்த்தாள். நான் சொம்பு ஆடாமல் பிடித்துக்கொண்டேன்.

டக். அவ்வளவுதான், உள்ளே தோட்டா இல்லை. ஆனால் உதைக்கும் என்ற பயத்தில் துப்பாக்கியின் நுனி கீழே குத்தி இறங்கியது. அவள் கண் இறுக மூடியிருந்தது.

“இன்னொரு வாட்டி” என்றாள் உடனே.

இந்த முறை வெடித்தது. திரை குலுங்கியது. டீச்சர் தூரநோக்கியில் பலகையைப் பார்த்துவிட்டு ஒரே ஒரு வார்த்தை சொன்னார். நாத்தனார் எங்களுக்குச் சொன்னாள்: “வயித்துல.”

நெஞ்சில் பட்டால் மூஸ் கொஞ்ச தூரத்தில் விழும். வயிற்றில் பட்டால் பொழுதெல்லாம் அலைந்து சாகும் என்று சற்றுமுன் எங்களுக்குச் சொன்னவளே அவள்தான்.

பிறகு சின்னது. டீச்சர் கொடுத்தார், இவள் விசையை இழுத்தாள். டக். நுனி அப்படியே நின்றது. அடுத்தது வெடித்தது. டீச்சர் தூரநோக்கியை இறக்கி, தன் விலாவில், கைக்குக் கீழே தொட்டுக் காட்டினார்.

“பாரு, குண்டு பெருசா சிறுசான்னு மூஸுக்குத் தெரியாது” என்றார் வீட்டுக்காரர், மெதுவாக. “எங்க பட்டுச்சுன்றதுதான் அதுக்குத் தெரியும்.”

“தெரியும்ணா. எனக்கு மூஸுகிட்ட பயம் இல்ல. தலைவருகிட்டதான்.”

அப்போது ஒரு கார் வந்து நின்றது. சிவப்புத் தொப்பி போட்ட பெரியவர் இறங்கினார். தலைவர் அவர்தான் என்று சொல்லாமலே தெரிந்தது. இவளைப் பார்த்ததும் கையை உயர்த்திச் சிரித்தார்.

“ஏம்மா, பெருசு வேணாம்னு தேறினதுக்கு அப்புறம் சொல்லிக்கலாமே” என்று நான்தான் மனம் தளர்ந்து சொன்னேன்.

அவள் பெரிய துப்பாக்கியைத் திறந்து, உள்ளே ஒன்றும் இல்லை என்று விரலை விட்டுப் பார்த்தாள். ஈரத் தரையில் அவரை நோக்கி நேராக நடந்தாள். டீச்சர் போனை அசையாமல் பிடித்திருந்தார். தலைவர் ஏதோ கேட்டார். அவள் சட்டைக் கழுத்தை இழுத்துத் தோளைக் காட்டினாள். அவர் முகத்தில் சிரிப்பு நின்றுபோனது. அவள் துப்பாக்கியை இரண்டு கையாலும் அவரிடம் நீட்டினாள்.