தண்ணீர் ஒட்டாத கை

உம்மா மௌத்தான செய்தி வந்தபோது நான் வளைகுடாவில், நடுக்கடலில், எண்ணெய்க் கிணறு தோண்டும் ரிக்கில் வேலையில் இருந்தேன். காத்தான்குடியில் அன்றே மாலை அஸர் தொழுகைக்குப் பிறகு அடக்கம். ஹெலிகொப்டர் மறுநாள்தான். தூரத்தில் இருந்தாவது ஜனாஸாத் தொழுகை தொழுவோம் என்று, அதற்கு முன் கை, முகம், கால் கழுவும் உளுச் செய்யப் போனேன்.

நாங்கள் கிணற்றுக்குள் செலுத்தும் மட், செயற்கை எண்ணெயில் குழைத்த சேறு. கையுறை கிழிந்து, அது முழங்கை வரை அப்பியிருந்தது. ஊற்றிய தண்ணீர் முத்து முத்தாக உருண்டு ஓடியது. தோல் நனையாமல் உளு செல்லாது. சோப்பைத் தேய்த்துத் தேய்த்து அழுதேன்.

கூட வேலை செய்த குமார் அதைப் பார்த்தான். மண்டூர்க்காரன். ஒரே வாவியின் எதிரெதிர்க் கரையில் பிறந்தும், வேலைப் பேச்சைத் தவிர நாங்கள் எதுவும் பேசியதில்லை. சமையலறையில் தேங்காயெண்ணெய் வாங்கி வந்தான்.

"கையத் தாங்க நானா." எங்கள் ஆட்கள் அண்ணனை அழைப்பதுபோலவே அழைத்தான்.

எண்ணெய் பூசித் துடைத்து, நக இடுக்கெல்லாம் சோப்புப் போட்டு, பிள்ளைக்குக் கழுவுவதுபோல் கழுவினான். தண்ணீர் ஊற்றிப் பார்த்தான். தோல் நனைந்தது.

"தொழுதிட்டு வாங்க. உங்கட வேலைய நான் பாக்கிறன்."

திரும்பி வந்து நன்றி சொன்னேன். அவன் நிமிரவில்லை.

"அம்மா போனப்பவும் நான் இஞ்சதான் நிண்டன் நானா. கொள்ளி வெச்சது தம்பி."

விடுமுறையில் ஊருக்கு வந்து, உம்மாவை அடக்கிய கபுறடியில் நின்றேன். அடுத்த நாள் வாவியைக் கடந்து மண்டூருக்குப் போனேன். குமாருக்கு இன்னும் லீவு கிடைக்கவில்லை. அவன் வீட்டுக் கிணற்றடியில் கை கழுவிவிட்டு, அவன் அம்மாவின் படத்துக்கு முன்னால் அவனுக்குப் பதிலாக நின்றேன்.