எல்லாக் கட்டுரையிலும் காணாமல் போன பேராசிரியர்

பிளஸ் டூவோடு படிப்பை நிறுத்தியவன், நாலு பேர் முன்னால் வாய் திறக்கவே கூசுபவன், கம்ப்யூட்டர் விஷயத்தை எழுத வந்திருக்கிறேன். பெரிய மனசு பண்ணிப் பொறுத்துக்கொள்ளுங்கள். அன்றைக்குச் சிரித்த சிரிப்பு என்னைச் சும்மா இருக்கவிடவில்லை.

இரண்டாயிரத்து ஆறோ ஏழோ. கடலூர் மஞ்சக்குப்பத்தில் ஒரு சின்ன அறையில் நானும் என் மனைவியின் தம்பியும் கட்டுரைகளைக் கம்ப்யூட்டர் பிரித்துப் படிக்கும்படி எக்ஸ்எம்எல் என்ற வடிவில் ஆக்கித் தருவோம். அதை அழகான பக்கமாக மாற்றும் எக்ஸ்எஸ்எல்டி கட்டளைகளையும் எழுதுவோம். சிதம்பரத்தில் ஓர் ஆய்விதழ் அலுவலகம் சாம்பிள் கேட்டிருந்தது. பிடித்தால் பழைய இதழ்கள் அத்தனையும் எங்களுக்கு. இல்லையென்றால் அறையைப் பூட்டிவிட்டு, நான் மறுபடி ஜெராக்ஸ் கடை வேலைக்கு.

அங்கே போய் அவர்கள் கம்ப்யூட்டரில் திறந்தோம். பக்கம் வரவில்லை. அப்படி ஒரு ஃபங்ஷனே, அதாவது கட்டளையே, தனக்குத் தெரியாது என்று பிழைச் செய்தி வந்தது.

"நம்ம மிஷின்ல ஓடுச்சே மாமா!" என்றான் மச்சான்.

கட்டுரையாளர்களின் பெயர்கள் ஒரே வரியில், நடுநடுவே கமா போட்டு இருக்கும். அதைத் தனித்தனியாகப் பிரிக்க அவன் ஒரு ரெடிமேட் ஃபங்ஷனைப் போட்டிருந்தான். அது மொழியின் அடிப்படையில் கிடையாது. எங்கள் மென்பொருளைச் செய்தவர்கள் கூடுதலாகச் சேர்த்தது.

"காலைல இட்லிக்கு இங்க கத்திரிக்கா கொத்சு வச்சாங்கல்ல? அதை மங்கலம்பேட்டைல போயி கேளு, மொறைப்பான். அதான் மச்சான் இது" என்றேன்.

இதழ் வேலையைக் கவனித்துக்கொண்டிருந்த ஓர் அம்மா எட்டிப்பார்த்தார். "மதியம் எங்க பேராசிரியர் சார் வந்துருவாரு. அவரு பாத்து சரின்னாதான். முடியுமா உங்களால?"

எல்லா மென்பொருளுக்கும் தெரிந்ததை மட்டும் வைத்து எழுதினோம். முதல் கமாவுக்கு முன்னால் இருப்பதை அச்சிடு. மிச்சத்தை இதே டெம்ப்ளேட்டிடம், அதாவது இதே கட்டளைத் தொகுப்பிடம், திருப்பிக் கொடு. அது தன்னையே கூப்பிட்டுக்கொண்டு ஓடும். கமா தீர்ந்தால் நின்றுவிடும். பெயர்கள் ஒன்றன்கீழ் ஒன்றாக விழுந்ததும் மச்சான் நாற்காலியை ஒரு சுற்று சுற்றினான். நான் விசிலே அடித்துவிட்டேன்.

அந்த அம்மா திரையை மேலும் கீழும் நகர்த்தினார். "எல்லாம் சரி. எங்க சாரைக் காணோமே?"

முதல் கட்டுரையில் அவர் இல்லை. அடுத்ததில் இல்லை. எதிலுமே இல்லை. இந்தக் கட்டுரைகளில் பெரிய பேராசிரியரின் பெயரைக் கடைசியில்தான் போடுவார்கள். கடைசிப் பெயருக்குப் பின்னால் ஏது கமா? கமா இல்லாததால் அதை அச்சிடாமலே டெம்ப்ளேட் நின்றுவிட்டது.

"போச்சு மாமா. வேலை குடுக்கற ஆளையே தூக்கிட்டோம்!"

அந்த அம்மாதான் முதலில் சிரித்தார். மேசையைப் பிடித்துக்கொண்டு சிரித்தார். "அய்யோ, அவரு மொதல்ல தேடறதே அவரு பேரைத்தாங்க!" எங்களுக்கும் தொற்றிக்கொண்டது. சிரித்துச் சிரித்து நான் அழுதேவிட்டேன். கண்ணைத் துடைத்துக்கொண்டு அந்த அம்மாவே சொன்னார்: "பின்னாடி நீங்களே ஒரு கமா ஒட்டி அனுப்புங்களேன்."

ஒட்டுகிற ஃபங்ஷன் மொழியின் அடிப்படையிலேயே இருந்தது. ஒரே வரி. எல்லாக் கட்டுரைக்கும் பேராசிரியர் திரும்பி வந்தார்; படியில் நிஜமாகவும் ஏறி வந்துகொண்டிருந்தார். மூவரும் வாயைப் பொத்திக்கொண்டு எழுந்து நின்றோம்.

அவர் நேராகக் கடைசிப் பெயருக்குப் போனார். பார்த்தார். "நல்லா இருக்கே. என்னம்மா சிரிப்பு?"

"ஒண்ணுமில்ல சார்."

மச்சான் தண்ணீர் குடிக்கிற சாக்கில் வெளியே ஓடினான்.

மறுநாள் பழைய இதழ்கள் இரண்டு அட்டைப்பெட்டிகளில் எங்கள் அறைக்கு வந்து இறங்கின. ஒரு பெட்டி நனைந்திருந்ததால் அதிலிருந்த இதழ்களை வெயிலில் காயப் போட்டோம்.