ஒரு சினிமாத் தட்டிக்காக

என் அண்ணன் அப்பாவி என்று சொல்ல மாட்டேன். அவனும் சைக்கிள் செயினைத் துண்டில் சுற்றி இடுப்பில் செருகிக்கொண்டு போனவன்தான்.

உய்யக்கொண்டான் வாய்க்காலுக்கு இந்தப் பக்கம் எங்கள் தெரு. எங்கள் தெருப் பையன்களுக்கு ஒரு நடிகர், அந்தப் பக்கத்துப் பையன்களுக்கு இன்னொருவர். ஒரு பொங்கலுக்கு, எங்கள் தெருக்காரர்கள் தியேட்டர் வாசலில் கட்டிய தட்டியில் யாரோ சாணியை அடித்துவிட்டார்கள். பதிலுக்கு இவர்கள் போய் அவர்களுடைய தட்டியைக் கொளுத்தினார்கள். அதன்பிறகு தனியாக அகப்பட்டவனை அடிப்பது என்று ஆகிவிட்டது. சாணி காய்ந்து உதிர்ந்துவிட்டது. பகை மட்டும் போகவில்லை.

அப்பா பொன்மலை ரயில்வே பட்டறையில் ஃபிட்டர். அண்ணனையும் அங்கேயே வேலைக்குச் சேர்த்திருந்தார். மத்தியானச் சங்கு ஊதியதும் இருவரும் ஒரே தூக்குச் சட்டியைப் பிரித்துச் சாப்பிடுவார்கள். வீட்டில்தான் சண்டை.

"அந்த நடிகன் உனக்கு ஒரு வேளைச் சோறு போடுவானாடா?" என்பார் அப்பா.

"உங்களுக்கு இதெல்லாம் புரியாதுப்பா" என்று சிரிப்பான். முதுகில் வீக்கத்தோடு வந்து, அம்மாவுக்குத் தெரியாமல் என்னைத் தைலம் தேய்க்கச் சொல்வான். "சைக்கிள்லேருந்து விழுந்துட்டேன்னு சொல்லிடு, என்ன?"

ஒரு ஞாயிற்றுக்கிழமை சாயங்காலம் வாய்க்கால் பாலத்தில் அவனைக் குத்திவிட்டார்கள். புத்தூர் ஆஸ்பத்திரிக்குக் கொண்டுபோகும் வழியிலேயே உயிர் போய்விட்டது. குத்தியவன் வேற்றாள் இல்லை. அண்ணனோடு ஒரே பெஞ்சில் உட்கார்ந்து படித்தவன், அந்தப் பக்கத்திலிருந்து தினமும் எங்கள் தெருவுக்குப் பூக்கூடையோடு வரும் பூக்காரம்மாவின் ஒரே மகன். எங்கள் வீட்டில் எத்தனையோ நாள் அம்மா கையால் சாப்பிட்டிருக்கிறான்.

காரியம் முடிந்த மறுநாள் பூக்காரம்மா வந்தாள். வாசற்படி ஏறவில்லை. கூடை இல்லாமல் அவளை நான் பார்த்ததே அன்றுதான்.

"எங்க வீட்லயும் அடுப்பு எரியலக்கா" என்றாள்.

அம்மா உள்ளேயிருந்து எழுந்து வந்தாள். "உம் புள்ள ஜெயில்லேருந்து ஒரு நாள் திரும்பி வருவான். எம் புள்ள வருவானா? போயிடு."

அவள் நகரவில்லை. அம்மாதான் கதவைச் சாத்தினாள்.

அதன்பிறகு அப்பா பட்டறையில் மத்தியானம் சாப்பிடுவதை விட்டுவிட்டார். கொண்டுபோனது அப்படியே திரும்பி வரும். அம்மா ஒன்றும் கேட்காமல் மாட்டுக் கழனித் தொட்டியில் கொட்டிவிட்டு, மறுநாளும் கட்டிக் கொடுப்பாள். பூக்காரம்மாவின் மகளுக்கு நிச்சயித்திருந்த சம்பந்தம் முறிந்துபோனதாக மார்க்கெட்டில் பேசிக்கொண்டார்கள். கொலைகாரனின் தங்கையை யார் எடுப்பார்கள்?

எனக்கு ஒருவழியாகக் கல்யாணம் நடந்தது. என் கையில் பொரியிட வேண்டியவன் இல்லை. சித்தப்பா மகன் இட்டான். நாதஸ்வரக்காரர் உச்சத்தில் வாசித்துக்கொண்டிருந்தபோது அம்மா எழுந்து சமையற்கட்டுக்குப் போய்விட்டாள். சாப்பாட்டுப் பந்தி முடியும்வரை அவள் வெளியே வரவில்லை.

வருஷங்கள் கழித்து, என் இரண்டாவது குழந்தையை இடுப்பில் வைத்துக்கொண்டு காந்தி மார்க்கெட்டில் காய் வாங்கிக்கொண்டிருந்தேன். மூட்டை சுமந்து வந்த ஒருவர் என்னைப் பார்த்ததும் அதை இறக்கிவிட்டு நின்றார். முதலில் அடையாளம் தெரியவில்லை.

"நல்லாருக்கியாம்மா?" என்றார். குரலை வைத்துத்தான் கண்டுபிடித்தேன்.

திட்டவேண்டும் என்று எத்தனையோ நாள் மனசுக்குள் சொல்லிப் பார்த்த வார்த்தைகளில் ஒன்றும் வரவில்லை. "ஏன்ணே அப்படிப் பண்ணுனீங்க?" என்றுதான் கேட்டேன்.

"அவன் என்னைத் தேடிக்கிட்டு வர்றான்னு சொன்னாங்க. யார் சொன்னாங்கன்னுகூட இப்ப ஞாபகம் இல்லம்மா." கீழே கிடந்த மூட்டையின் கட்டை இழுத்து இறுக்கினார். "நான் உள்ள இருக்கறப்பவே அம்மா போயிட்டாங்க. கொள்ளிகூடப் பக்கத்து வீட்டுக்காரர்தான் வெச்சாராம்."

அம்மாவிடம் இதைச் சொல்லலாமா கூடாதா என்று வழியெல்லாம் யோசித்தேன். அம்மா வீட்டுக்குப் போனதும் சொல்லிவிட்டேன். அம்மா கீரை ஆய்ந்துகொண்டிருந்தாள். கை நிற்கவில்லை.

"ஆளு எப்படிடி இருக்கான்?"

"காதோரமெல்லாம் நரைச்சுப் போச்சும்மா. முன்னாடி வழுக்கையும் விழுந்துடுச்சு."

"ரெண்டு பேருக்கும் ஒரே வயசுதானேடி" என்றாள் அம்மா. கீரைக்கட்டை அப்படியே மடியில் போட்டுக்கொண்டு அழ ஆரம்பித்தாள்.