கடைசி டிரிப்பில் ஓர் இடம்

எங்கள் நடு அக்காவின் மகனைக் குருவி என்றுதான் கூப்பிடுவோம். எட்டாம் மாதமே அவசரப்பட்டுப் பிறந்தவன். உள்ளங்கையில் ஏந்தினால் விரல் மிச்சம் இருக்கும். அந்தப் பெயரை வைத்தது நான்தான். இப்போது ஆறடி உயரம், நாற்பது வயது, முன்மண்டையில் முடி கொட்டிவிட்டது. ஆனாலும் குருவி குருவிதான். விமானத்திலிருந்து ஆட்களைச் சேர்த்துக் கட்டிக்கொண்டு பாராசூட்டில் குதிப்பது அவன் வேலை.

அவன் வம்சத்தைத் தெரிந்தவர்கள் இதை நம்ப மாட்டார்கள். அவன் அப்பா, அதாவது எங்கள் அத்தான், முப்பத்திரண்டு வருஷம் டவுன் பஸ் ஓட்டியவர். அத்தானின் அண்ணனுக்கு லாரி. அவர்களுடைய அப்பா ரயில் தண்டவாளத்தைத் தட்டிப் பார்க்கிற வேலையில் இருந்தவர். அத்தானின் தங்கையைக் கட்டியவர்கூட சைக்கிள் கடைதான் வைத்திருந்தார். அத்தனை பேரும் தரையோடு தரையாக உருண்டவர்கள்.

"நம்ம வம்சத்துல எவனும் தரையை விட்டு எழுந்ததில்ல. இவன் எழுந்தாக்கூட பரவால்ல, விழுறதுக்குச் சம்பளம் வாங்குறான்" என்பார் அத்தான். சொல்லும்போது வாயெல்லாம் பல்லாக இருக்கும்.

புது வருஷம் என்றால் மற்றவர்களுக்கு லீவு. குருவிக்கு அந்தப் பத்து நாளும் முதுகு ஒடியும். வருஷம் பிறந்தால் ஆளுக்கொரு சபதம் எடுப்பார்களே, அதில் பாதிப் பேர் சிகரெட்டை விடுவார்கள், மீதிப் பேர் குதிக்க வேண்டும் என்று இவனிடம் வந்து நிற்பார்கள். விடிந்தும் விடியாமலும் எழுந்து, பல்கூடத் தேய்க்காமல் மொட்டைமாடிக்குப் போவான். எதிர்வீட்டுக் கொடியில் காய்கிற போர்வை அசையாமல் தொங்கினால் அன்று எட்டுக் குதி, ஒன்பது குதி. படபடவென்று அடித்தால் அவன் முகம் சுண்டிவிடும். எதிர்வீட்டு அம்மாள் ஒருநாள் அக்காவிடம் வந்து, "உங்க பையன் தினமும் எங்க துணியையே முறைச்சுப் பாக்குறாரே, என்ன சமாசாரம்?" என்று சண்டைக்கு நின்றுவிட்டாள்.

ஊருக்கு வெளியே சின்ன விமானத் திடல் ஒன்று. அதன் ஓரத்தில் தகரம் போட்ட கொட்டகை. உள்ளே கம்பளம் விரித்து, முழங்காலிட்டு, பாராசூட்டுகளை மடித்துக்கொண்டே இருப்பார்கள். வாசலில் எடை பார்க்கிற மெஷின், பக்கத்தில், எது நடந்தாலும் என் பொறுப்பு என்று எழுதிக் கொடுக்கிற ஃபாரம். வந்தவரைத் தன் நெஞ்சுக்கு முன்னால் நிறுத்தி நாலு கொக்கியில் மாட்டிக்கொள்வான் குருவி. பிறகு அவர் கத்துகிற கத்தல் எல்லாம் இவன் காதோரத்தில்தான்.

"குதிச்சதும் வாழைப்பழம் மாதிரி வளைஞ்சுக்கணும். தரை வரும்போது காலைத் தூக்கிடணும். மத்ததெல்லாம் நான் பாத்துக்கறேன். கத்துற வேலையை மட்டும் நீங்க பாருங்க."

இதே பேச்சு, இதே சிரிப்பு, ஒரு நாளைக்கு ஒன்பது தடவை. ஒன்பதாவது ஆளுக்கும் அது புதுசாகத் தெரிய வேண்டும் என்பான்.

விமானம் ஒருமுறை ஏறி இறங்குவதை அங்கே ஒரு டிரிப் என்பார்கள். திடல் நடுவில் ஒரு கம்பம், அதில் நீளமான துணிக்குழாய். காற்று கூடக்கூட அது தூக்கிக்கொண்டு நிற்கும். முழுசாக விறைத்துவிட்டால் ஆட்களை ஏற்றக் கூடாது.

வேலை செய்கிறவர்களுடைய வீட்டில் ஒருவர் புது வருஷத்தன்று சும்மாவே குதிக்கலாம் என்று அங்கே ஒரு வழக்கம் இருந்தது. அக்காவைக் கேட்டதற்கு, "நான் கட்டில்லேருந்தே பாத்துப் பாத்து இறங்குறவ. என்னை விட்டுடு" என்றாள். கையைத் தூக்கியவர் அத்தான். அப்போதுதான் வேலையிலிருந்து ஓய்வு பெற்றிருந்தார்.

"முப்பத்திரண்டு வருஷமா கண்ணாடியில எல்லாரும் இறங்குறதையே பாத்தவன்டா நான். ஒரு தடவை நானும் இறங்கிப் பாக்கறேன்."

குருவி அவருக்குக் கடைசி டிரிப்பில் இடம் போட்டான். அவன் மனசில் கள்ளம் இல்லை. காலை டிரிப்பெல்லாம் ஓட்டமும் நடையுமாக இருக்கும். ஒருவரைக் கழற்றிவிட்ட கையோடு அடுத்தவரை மாட்ட வேண்டும். கடைசி டிரிப்பில் அவசரம் கிடையாது. வெயில் சாய்ந்து, கீழே மரத்துக்கெல்லாம் நீளமாக நிழல் விழுந்து, அழகாக இருக்குமாம். கொட்டகையில் எல்லாருக்குமே இந்தப் பழக்கம் உண்டு. ஊரார் காலையில் போவார்கள், தன் ஆள் கடைசி டிரிப்பில் போவார். நல்லதை எடுத்துவைப்பதாக நினைப்பு.

"சாவகாசமா சுத்திக் காட்டி இறக்கறேன்ப்பா."

"கடைசி வண்டிக்கு நிக்கிறவங்க மூஞ்சியை நான் நிறையப் பாத்திருக்கேன்டா" என்றார் அத்தான். சிரித்துக்கொண்டே சொன்னதால் யாரும் காதில் போட்டுக்கொள்ளவில்லை.

முதல் வருஷம் அக்காவும் நானும் கூடப் போயிருந்தோம். அத்தான் புது ஷூவைப் போட்டுக்கொண்டு காலையிலிருந்து பெஞ்சில் உட்கார்ந்திருந்தார். ஒவ்வொரு டிரிப்புக்கும் குருவி எங்களைத் தாண்டிப் போவான், கையைக் காட்டுவான். மத்தியானம் மூன்று மணிக்குக் காற்று கிளம்பியது. துணிக்குழாய் கம்பு மாதிரி விறைத்தது. அத்தான் ஃபாரத்தை நாலாக மடித்துச் சட்டைப்பையில் வைத்துக்கொண்டார். "அடுத்த வருஷம் எங்க ஓடிப்போயிடப் போகுது?" என்றார்.

இரண்டாம் வருஷம் காற்றும் இல்லை, மேகமும் இல்லை. அத்தானுக்குப் பட்டையெல்லாம் மாட்டியாகிவிட்டது. அந்த நேரம் பார்த்து ஒரு பெண் மூச்சிரைக்க ஓடி வந்தாள். வழியில் வண்டி கெட்டு, அவளுடைய டிரிப் போய்விட்டது. விடிந்தால் வெளியூருக்குக் கிளம்ப வேண்டும். கண்ணில் தண்ணீர் முட்டிக்கொண்டு நின்றது. அத்தானே தன் இடுப்புப் பட்டையில் கையை வைத்தார்.

"அந்தப் பொண்ணை ஏத்துடா. ஸ்டாப்புல கை காட்டுறவங்களை விட்டுட்டுப் போறது எனக்குப் பழக்கமில்ல."

வேண்டாம்ப்பா, நீங்க வாங்க என்று குருவி ஒரு வார்த்தை சொல்லியிருக்கலாம். சொல்லவில்லை. சிக்கல் தீர்ந்ததே என்று அப்போது ஒரு நிம்மதிகூட இருந்ததாம். பிற்பாடு அவனே என்னிடம் சொன்னான்.

அடுத்த புது வருஷம் வருவதற்குள் அத்தானுக்கு நெஞ்சுவலி வந்து, இரண்டு ஸ்டென்ட் வைத்தார்கள். பிழைத்து எழுந்து பழையபடி கடைத்தெருவுக்குப் போய்வந்தார். ஆனால் அந்த ஃபாரத்தில், நெஞ்சுக்கோளாறு உள்ளவர்களுக்கு டாக்டர் கையெழுத்துப் போட வேண்டிய இடம் ஒன்று இருக்கிறது. டாக்டரோ, "விமானத்துல உட்கார்ந்து ஒரு சுத்து போயிட்டு வாங்க, தப்பில்ல. குதிக்கறதுன்னா என்கிட்ட வராதீங்க" என்று சொல்லிவிட்டார்.

வருஷம் பிறக்க இரண்டு நாள் இருக்கும்போது நான் அவர்கள் வீட்டில் இருந்தேன். சாப்பாட்டு மேஜையில் அத்தான் ஃபாரத்தைக் குருவி பக்கம் தள்ளினார்.

"அந்த இடத்துல நீயே ஒரு கிறுக்கு கிறுக்கிடேன். டாக்டர் கையெழுத்தை யாரால படிக்க முடியுது?"

"தெரியாத ஆளுக்கே அதைச் செய்ய மாட்டேன்ப்பா."

"தெரியாத ஆளுக்குச் செய்ய வேணாம். எனக்குச் செய்."

"நடுவானத்துல உங்களுக்கு ஏதாவது ஆச்சுன்னா?"

"உன் மடியிலதானே இருப்பேன்?"

அக்கா எழுந்து குழாயடியில் போய்ப் பாத்திரம் கழுவ ஆரம்பித்தாள். கழுவின பாத்திரத்தையே கழுவினாள். குருவி ஃபாரத்தைத் தொடவில்லை.

கொஞ்ச நேரம் கழித்து ஒரு தடி நோட்டுடன் என் பக்கத்தில் வந்து உட்கார்ந்தான். ஒவ்வொரு குதிக்கும் தேதி, உயரம், காற்று எல்லாம் அதில் எழுதிவைக்க வேண்டும். அது அவர்கள் தொழில் முறை. போன இரண்டு புது வருஷத்துப் பக்கங்களையும் விரித்துக் காட்டினான்.

"இந்த நாள் காலையில அஞ்சு, அந்த நாள் காலையில ஆறு. எழுதியிருக்கறதைப் பாரு சித்தி. காற்று இல்லை, வானம் சுத்தம். காற்று இல்லை, வானம் சுத்தம். பதினோரு பேரை இறக்கியிருக்கேன். ஒருத்தர் மூஞ்சிகூட ஞாபகம் இல்ல. அப்பா அங்கேயே பெஞ்சுலதான் உட்கார்ந்திருந்தாரு."

நான் நோட்டை மூடி அவன் மடியில் வைத்தேன்.

புது வருஷத்தன்று முதல் டிரிப்பிலேயே அத்தானுக்கு இடம் போட்டான். பைலட்டுக்குப் பக்கத்தில் சும்மா உட்கார்ந்து வருகிற இடம். குருவியோடு சேர்ந்து குதிக்க வந்தவர் ஒரு பள்ளிக்கூட வாத்தியார். அதேபோல் சேர்ந்து குதிக்கிற இன்னொரு ஜோடியும் ஏறியது. அத்தான் அதே ஷூவைப் போட்டுக்கொண்டு வந்திருந்தார். அதன் அடியில் அழுக்குகூடப் பட்டிருக்கவில்லை. விமானம் ஏறி, ஏறி, கடுகாகிப் போயிற்று. கழுத்து வலிக்கப் பார்த்துக்கொண்டிருந்தோம். கடைசியில் இரண்டு பாராசூட் விரிந்தது தெரிந்தது.

அவர்கள் ஆடி அசைந்து வருவதற்குள் விமானம் இறங்கிவிட்டது. அத்தான் மெதுவாக இறங்கித் திடல் ஓரத்தில் வந்து நின்றார். குருவி வாத்தியாரோடு புல்லில் சறுக்கி உட்கார்ந்தான். வாத்தியாருக்குக் கால் தரையில் நிற்கவில்லை. வீடியோ எடுக்கிறவன் ஓடிவந்தான். குருவியும் கட்டைவிரலைத் தூக்கிச் சிரிக்க வேண்டியிருந்தது. அது முடிகிறவரை அத்தான் பொறுமையாக நின்றார்.

"எப்படிப்பா இருந்துச்சு?"

"கதவைத் திறந்தாங்க. நீ ஒரு தடவை திரும்பிப் பாத்தே. அப்புறம் பாத்தா ஒருத்தரும் இல்ல." அத்தான் சட்டைக் காலரைச் சரிசெய்துகொண்டார். "எல்லாரும் அவங்கவங்க ஸ்டாப்புல இறங்கிட்டீங்க. நான் வழக்கம்போல காலி வண்டியோட டெப்போவுக்கு வந்துட்டேன்."

சிரிக்க வேண்டும் என்றுதான் சொன்னார். அக்கா சிரித்தாள், நானும் சிரித்தேன். வாத்தியாரின் இடுப்புப் பட்டையைக் கழற்றிய குருவி, கழற்றியதையே மறுபடி மாட்டிக்கொண்டிருந்தான்.

"என்ன சார், இன்னொரு தடவையா?" என்று கேட்டார் வாத்தியார்.

அன்றைக்கு முழுக்கக் காற்றே கிளம்பவில்லை. துணிக்குழாய் நனைந்த துண்டு மாதிரி தொங்கியது. வெயில் சாய்ந்தபோது கடைசி டிரிப்பும் குறித்த நேரத்துக்குக் கிளம்பியது. யாரோ ஒருவரை மாட்டிக்கொண்டு குருவி எங்களைத் தாண்டிப் போனான்; இந்தத் தடவை கையைக் காட்டவில்லை. அத்தான்தான் பெஞ்சிலிருந்து அவனுக்குக் கையைக் காட்டினார்.

"நல்ல வண்டி" என்றார் எங்களிடம். "இன்னைக்குத்தான் டயத்துக்குப் போகுது."